இரண்டு பட்டன், ஒரு ஸ்பிரிங்

மேல் பட்டனை அழுத்தினேன். நடுவிலிருந்த நீள முள் ஓடத் தொடங்கியது. நிறுத்துவதற்காக அதே பட்டனை மறுபடி அழுத்தினேன். முள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தப் போனபோது மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ் பட்டனை அழுத்துங்க மாப்பிள்ளை. இது அப்படித்தான்."

கீழ் பட்டனை ஒருமுறை அழுத்தினேன், முள் நின்றது. இன்னொருமுறை அழுத்தினேன், துள்ளிப்போய்ப் பன்னிரண்டில் உட்கார்ந்தது. மொரிஷியஸின் க்யூர்பிப்பில் அவர் வீட்டு அலமாரியில் துணி சுற்றிக் கிடந்த அந்த 'மோந்த்' அன்று முதல் என் பொறுப்பு. கிரியோல் மொழியில் கைக்கடிகாரத்துக்கு அதுதான் பெயர். தமிழில் என்னிடம் பேசுகிறவர் இந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றவே மாட்டார்.

கடிகாரம் மாமனாரின் அண்ணனுடையது. போர்ட் லூயி துறைமுகத்தில் வேலை பார்த்தவர், 1950களில் வாங்கியிருக்கிறார். டயலில் கம்பெனிப் பெயர் கிடையாது, 'குரோனோகிராஃப் சுவிஸ்' என்று மட்டும் பிரெஞ்சில் இருக்கும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தப் பொதுப்பெயரோடு 18 காரட் தங்கக் கூட்டில் ஏராளமான கடிகாரங்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வெளியே போயின. பார்வைக்குக் கனமாக இருக்கும், கையில் எடுத்தால் லேசு. கூடு மெல்லிய தகடு, வார் மாட்டும் காதுகளுக்குள் வெறும் காற்று. தங்கம் என்று சொல்லி வாங்குவதற்கு ஏற்ற அளவு தங்கம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருப்பது உண்மையான வேலைக்காரன்: லாண்டெரான் 48. நியூஷாட்டெல் வட்டாரத்து லாண்டெரான் என்னும் ஊரில் 1937-ல் பிறந்த இயந்திரம். அந்த வகையில் மேல் பட்டன் ஓட்டுவதற்கு மட்டும். நிறுத்துவதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதும் கீழ் பட்டனின் வேலை. இது தெரியாமல் 'பழுது' என்று சொல்லி விற்கப்பட்ட லாண்டெரான்களை நானே பார்த்திருக்கிறேன். மேல் பட்டனைக் குத்திக் குத்தி நெம்புகோலை வளைத்துவிட்ட பிறகு அது நிஜமாகவே பழுதுதான்.

இந்த மாதிரி ஸ்டாப்வாட்ச் உள்ள பழைய கடிகாரத்தை, அதாவது குரோனோகிராஃபைப் பராமரிப்பது பற்றி ஊரில் உலவும் அறிவுரைகளில் பாதிக்குக் காரணம் சொல்ல ஆள் இல்லை. 'எப்போதும் ஓடவிடாதே', 'மாதம் ஒருமுறை அழுத்திப் பார்', 'ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ்' என்று மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் எது சரி, எது சும்மா என்று நமக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு குழப்பம். குரோனோமீட்டர் வேறு, குரோனோகிராஃப் வேறு. குரோனோமீட்டர் என்றால் நேரம் துல்லியமாகக் காட்டும் கடிகாரம். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க லிண்ட்சே பிரபுவின் குழு இந்தத் தீவில் பெல்மோன்ட்டுக்கு வந்தபோது, தீர்க்கரேகை கணிக்க வானியலாளர் டேவிட் கில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தது குரோனோமீட்டர்களை. குரோனோகிராஃப் என்றால் கடிகாரத்துக்குள் ஒரு ஸ்டாப்வாட்ச். கிரேக்கத்தில் அதன் பொருள் 'காலத்தை எழுதுவது'. முதலில் அது நிஜமாகவே எழுதியது. 1821-ல் பாரிஸின் ஷாம் த மார்ஸ் மைதானத்தில் நடந்த குதிரைப் பந்தயத்தில் நிகோலா ரியூசெக் என்ற கடிகாரக்காரர், சுழலும் டயலின் மேல் மைப்புள்ளி வைக்கும் பெட்டி ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு குதிரையின் நேரத்தையும் பதித்தார். குரோனோகிராஃப் என்ற பெயர் அந்தப் பெட்டிக்கு வைத்தது. அதற்கும் முன்பே, 1816-ல், லூயி முவானே வானியலுக்காக ஒரு நுண்கால அளவி செய்திருந்தார் என்பது 2013-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஷாம் த மார்ஸ் என்று படித்ததும் மொரிஷியஸ்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். போர்ட் லூயியில் மலையடிவாரத்திலிருக்கும் குதிரைப் பந்தய மைதானத்துக்கும் அதே பெயர். ஆங்கிலேயர் தீவைப் பிடித்த இரண்டாம் வருடம், 1812-ல், இங்கே டர்ஃப் கிளப் தொடங்கியது. ரியூசெக்கின் மைப்புள்ளிக்கு ஒன்பது வருடம் முந்தியது நம் பந்தயம். பெரிய மாமனார் இந்தக் கடிகாரத்தை வாங்கியதே அதற்காகத்தான் என்று வீட்டில் பேச்சு. டயலின் விளிம்பில் டாக்கிமீட்டர் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தொடங்கும் இடத்தில் முள்ளை ஓட்டி, முடியும் இடத்தில் நிறுத்தினால் முள் காட்டும் எண்தான் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். 3600-ஐ விநாடிகளால் வகுத்த விடை, வேறு மாயம் ஒன்றும் இல்லை. குதிரை 58 விநாடியில் கிலோமீட்டரை முடித்தால் 62. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று மாமனாரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இப்போது பின்மூடியைத் திறப்போம்.

சாதாரணக் கைக்கடிகாரத்தில் சாவி கொடுத்தால் மெயின் ஸ்பிரிங் இறுகும். அதன் விசை நாலு சக்கரங்கள் வழியாக இறங்கி, கடைசியில் பேலன்ஸ் வீலை அசைக்கும். அந்த அசைவுதான் நேரத்தை வெட்டிக் கொடுக்கிறது. லாண்டெரான் மாதிரிப் பழைய இயந்திரங்களில் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. அதனால்தான் டயலில் ஒவ்வொரு விநாடியும் ஐந்து பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த முதல் இயந்திரம் டயல் பக்கமாகப் புதைந்து கிடக்கிறது. பின்மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் நெம்புகோல், கொக்கி, மெல்லிய ஸ்பிரிங் எல்லாம் இரண்டாவது இயந்திரம். அது முதலாவதன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று தனி ஸ்பிரிங் பெட்டி கிடையாது. முதலாவதன் வாயிலிருந்து பிடுங்கித்தான் சாப்பிட வேண்டும்.

பிடுங்கும் விதம் இது. நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றும் நாலாம் சக்கரத்தின் அச்சு பின்பக்கம் நீண்டு, அதன் நுனியில் ஒரு சின்னச் சக்கரம் சதா சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில், ஒரு நெம்புகோலின் முனையில், இடைச் சக்கரம். நடுவில், நீள முள்ளைத் தாங்கிய குரோனோகிராஃப் சக்கரம், அதன் பற்கள் முடி அளவு. மேல் பட்டனை அழுத்தியதும் நெம்புகோல் சாய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் இடைச் சக்கரத்தை நின்றிருக்கும் நடுச் சக்கரத்தின் பல்லுக்குள் நுழைக்கிறது. ஓடும் பஸ்ஸில் ஏறுகிற கதைதான். பல்லுக்கு நேரே பல் வந்தால் முள் புறப்படும்போது ஒரு சின்ன உதறல் உதறும். முன்னாலோ பின்னாலோ ஒரு மயிரிழை குதித்தால் அது இந்த அமைப்பின் இயல்பு, பழுது இல்லை. அரை விநாடிக்குக் குதித்தால் பல் பதியும் ஆழம் தவறிவிட்டது என்று அர்த்தம்.

இதிலிருந்தே முதல் விதி தானாக வருகிறது. குரோனோகிராஃப் ஓடும்போது ஒரே ஸ்பிரிங் இரண்டு வீட்டுக்குச் சமைக்கிறது. பேலன்ஸ் வீலின் வீச்சு குறையும், நேரமும் சற்று மாறும். நல்ல நிலையில், முழுச் சாவியில், கடிகாரத்தைப் படுக்க வைத்து அளந்தால் வீச்சு 270 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 200-க்குக் கீழே தள்ளாடும் கடிகாரம் சர்வீஸுக்குக் கெஞ்சுகிறது. அழகுக்காக நீள முள்ளை நாள் முழுக்க ஓட விடுகிறவர்கள் உண்டு. இந்த வகைப் பக்கவாட்டுப் பிடிப்புள்ள பழைய இயந்திரங்களில் அது தேவையில்லாத தேய்மானம். அதற்காக ஓட்டவே கூடாது என்பதும் இல்லை. தேநீர் கொதிக்கும் நேரத்தை அளந்தால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது, அதற்குத்தான் செய்திருக்கிறார்கள்.

பூஜ்யத்துக்குத் திரும்பும் வித்தைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடுச் சக்கரத்தின் அச்சில் இதய வடிவில் ஒரு எஃகுத் தகடு இருக்கும். காம்பு கிள்ளிய வெற்றிலையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் பட்டனை அழுத்தியதும் ஒரு சுத்தியல் வந்து அந்த வெற்றிலையின் விளிம்பில் மோதும். வெற்றிலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், சுத்தியலின் அழுத்தத்தில் விளிம்பு வழுக்கி வழுக்கிச் சுற்றி, காம்பு இருந்த பக்கத்து இரண்டு தோள்களும் சுத்தியலின் தட்டை முகத்தில் பதிந்ததும் நிற்கும். அந்த இடம்தான் பூஜ்யம். அடோல்ஃப் நிகோல் இதற்கு உரிமம் வாங்கியது 1844-ல். இன்றைக்கு லட்சக்கணக்கில் விலை போகும் கடிகாரத்துக்குள்ளும் அதே வெற்றிலைதான்.

இந்த மோதலின் வேகம் கொஞ்சநஞ்சமல்ல. இரட்டைப் பட்டன் கடிகாரங்களில் பெரும்பாலானவை மேல் பட்டனில் ஓடி, மேல் பட்டனிலேயே நிற்கும். கீழ் பட்டன் பூஜ்யத்துக்கு மட்டும். வால்ஜு 72, வீனஸ் 175, ஒமேகா 321 என்ற இயந்திரங்கள் எல்லாம் அந்த ஜாதி. அவற்றில் முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் பட்டனை அழுத்தக் கூடாது. தடுப்பு இருக்கும், ஆனால் எழுபது வயதுத் தடுப்பை நம்பிப் பலத்தைக் காட்டினால் பல்லோ கொக்கியோ போய்விடும். ஓடும்போதே பூஜ்யத்துக்குத் திருப்பிவிடும் ஃப்ளைபேக் வகை தனி. லாண்டெரானில் இந்த விபத்துக்கே இடமில்லை, கீழ் பட்டனின் முதல் அழுத்தம் நிறுத்தத்தான் செய்யும். பட்டனின் உத்தரவை நெம்புகோல்களுக்குக் கொண்டுபோவது சின்னத் தூண்கள் நிற்கும் தூண் சக்கரமாக இல்லாமல் வெறும் வெட்டுத் தகடாக இருப்பதால் லாண்டெரானை மட்டம் என்று சொல்வார்கள். ஒமேகாவே 1968-ல் தன் ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தில் தூண் சக்கர 321-ஐ எடுத்துவிட்டுத் தகட்டு வகை 861-ஐ வைத்தது. தூண் சக்கரத்தின் அழுத்தம் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். மற்றபடி மட்டம் உயர்வு என்பதெல்லாம் விற்கிறவர் பேச்சு.

பட்டன் என்று சொன்னேன். மொரிஷியஸில் இந்தக் கடிகாரத்தின் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பழைய பட்டன்களில் பெரும்பாலானவற்றுக்கு ரப்பர் வாஷர் கிடையாது. கூட்டில் ஒரு துளை, அதற்குள் ஒரு தண்டு, ஒரு ஸ்பிரிங். அமுக்கிப் பூட்டும் பின்மூடிக்கும் பெரும்பாலும் வாஷர் இல்லை. சுவிஸ் மலைக் காற்றுக்கு அது போதும். கடலோரத்தில் உப்பும் வேர்வையும் அந்தத் துளை வழியே உள்ளே போகும். க்யூர்பிப் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கடல் உப்பு குறைவு, ஆனால் மழையும் மூடுபனியும் சேர்ந்து அலமாரிக்குள் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர். மாமனாரின் கடிகாரத்தைத் திறந்தபோது தங்கத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீழ் பட்டனின் எஃகுத் தண்டு மட்டும் காபித்தூள் நிறத்தில் உதிர்ந்தது. அந்தத் தூள் உள்ளே போய் நெம்புகோல்களின் மேல் படிந்திருந்தது. துரு என்பது கூடவே தூளும்தான், அந்தத் தூள் பற்களுக்கிடையே போனால் உப்புத்தாள்.

ஆகவே நான் செய்வது இவ்வளவே. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றுகிறேன். வாரைக் கழற்றித் தனியாக வைக்கிறேன், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் கட்டுவதில்லை. கட்டிய நாளில் கழற்றியதும் பட்டனைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைக்கிறேன். கை கழுவும்போது கழற்றுகிறேன். பைப்பருகே நின்று பட்டனை அழுத்துவது கடிகாரத்துக்குச் சொட்டு மருந்து போடுவது மாதிரி.

கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்துவிட்டால் அரிசிப் பானையில் புதைப்பது, வெயிலில் வைப்பது, விளக்கடியில் சூடு காட்டுவது எல்லாம் வீண். சூட்டில் எழும் ஈரம் டயலின் அரக்குப் பூச்சில் போய் உட்காரும். ஹேர் ஸ்பிரிங், அதாவது பேலன்ஸ் வீலோடு இருக்கும் மனிதத் தலைமுடியை விட மெல்லிய சுருள், எஃகு என்றால் அதில் துருப்புள்ளி விழ ஒருசில நாள் போதும். சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு, அன்றோ மறுநாளோ வாட்ச்காரரிடம் ஓட வேண்டும்.

என் வாட்ச்காரர் ரோஸ் ஹில்லில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். சர்வீஸ் செய்யும்போது பக்கத்தில் உட்கார விடுவார், பேச விடமாட்டார். ஐ கிளாஸை என்னிடம் கொடுத்து, சாதாரணத் திருகு மாதிரித் தெரிந்த இரண்டு மூன்று திருகுகளைக் காட்டினார். உற்றுப் பார்த்தால் அவற்றின் தலை நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருந்தது. திருகைத் திருப்பினால் எதுவும் கழலாது. நெம்புகோல் மயிரிழை நகரும். பற்கள் எவ்வளவு ஆழம் பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அவைதான். வீட்டில் திறந்து 'தளர்ந்திருக்கிறதே' என்று முடுக்குகிறவர்கள் கெடுப்பதும் அவற்றைத்தான். குரோனோகிராஃப் சர்வீஸ் சாதாரண வாட்ச் சர்வீஸைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பதற்குக் காரணம் பாகங்களின் எண்ணிக்கை மட்டுமில்லை. எல்லாவற்றையும் கழுவிப் பூட்டிய பிறகு இந்தச் சரிப்படுத்தலுக்கு ஒரு மத்தியானம் போகும்.

எண்ணெயும் ஒன்றல்ல. வேகமாக ஆடும் இடத்துக்கு மெல்லியது, மெதுவாக அழுத்தம் தாங்கும் இடத்துக்குக் கனமானது, ஸ்பிரிங்குக்கு கிரீஸ். சக்கரப் பற்களுக்கு எதுவும் கூடாது. குரோனோகிராஃபின் முடிப்பற்களில் எண்ணெய் பட்டால் தூசியைக் கூட்டி வைத்து முள்ளை நடக்கவிடாமல் செய்யும். 'ஓடினால் எண்ணெய் புதுசாக இருக்கும்' என்பது சும்மா. ஓடினாலும் தூங்கினாலும் பழைய எண்ணெய் காயும், இடம் மாறும். காய்ந்ததற்குமேல் ஓட்டுவதுதான் அச்சைத் தின்னும். வாரம் ஒருநாள் கட்டுகிறவருக்கு ஐந்தாறு வருடத்துக்கு ஒரு சர்வீஸ் போதும் என்பது என் கணக்கு. வீச்சு விழுந்தால் அதற்கு முன்பே.

அச்சுகள் சுற்றும் இடத்தில் சிவப்பாக மின்னும் கற்களை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். 17 கல். எல்லாம் செயற்கை மாணிக்கம். 1902-ல் ஒகுஸ்த் வெர்னேயி தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்த பிறகு கடிகாரக் கல் மலிந்துபோனது. வாட்ச்காரர் வாய் திறந்த ஒரே தருணம் அப்போதுதான்: "இந்த மாதிரிக் கல்லுக்கு நம் ஊரிலேயே வேலை நடந்தது, தெரியுமா?" நடந்தது. 1965-ல், சுதந்திரத்துக்கு மூன்று வருடம் முன்பு, ஜோஸே பொன்சினி இங்கே மைக்ரோ ஜுவல்ஸ் என்ற ஆலையைத் தொடங்கினார். கடிகாரக் கற்களை இங்கே பட்டறையில் வேலை முடித்து சுவிஸ் தொழிலுக்கு ஏற்றுமதி செய்தது அது. கரும்பைத் தவிர வேறு தெரியாத தீவில் ஏற்றுமதிக்கென்றே எழுந்த முன்னோடி ஆலை. 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு தூண்டுகோல். துணி ஆலைகள் பெருகியது அதற்கப்புறம். மாமனாரின் கடிகாரம் அந்த ஆலைக்கு மூத்தது, அதன் கற்கள் இங்கிருந்து போனவை அல்ல. அறுபதுகளின் பிற்பகுதியில் செய்த சுவிஸ் வாட்ச் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்ல முடியாது.

மனம் கசந்த சங்கதி ஒன்று. ரோஸ் ஹில்காரரைக் கண்டுபிடிப்பதற்கு முன், கண்ணாடி மாற்ற மட்டும் போர்ட் லூயியில் ஒரு கடையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது கூடு கல்யாண மோதிரம் மாதிரி ஜொலித்தது. கேட்காமலே பாலிஷ் போட்டிருந்தார்கள், இலவசமாக! காதின் பின்புறம் 18 காரட்டுக்கான சுவிஸ் முத்திரை இருந்தது, சுவிட்சர்லாந்தின் உருவகமான ஹெல்வேஷியா பெண்ணின் தலை. இப்போது அங்கே மூக்கு முழி இல்லாத ஒரு புடைப்பு. மெல்லிய தகட்டில் ஒவ்வொரு பாலிஷும் தங்கத்தைத் தின்னும், காதின் விளிம்பு ஓட்டையாகும்வரை. மாமனாருக்குப் பளபளப்பு பிடித்துப்போனது. முத்திரை போன கதையை நான் இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கடையில் கொடுத்தாலும் 'பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், கழற்றிய பழைய பாகம் எல்லாம் திருப்பித் தரவும்' என்று ரசீதில் எழுதி வாங்குகிறேன்.

டயலைத் தொட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1960களுக்கு முந்தைய கடிகாரங்களில் இருட்டில் ஒளிர எண்களிலும் முட்களிலும் பூசியது பெரும்பாலும் ரேடியம். பச்சை ஒளி செத்துப் பழுப்பாகிப் போயிருக்கும், ஆனால் செத்தது ஒளிரும் பொருள்தான். ரேடியம் கதிர்வீசும் பொருள், அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையப் பிடிக்கும் காலம், 1,600 வருடம். மூடிய கடிகாரத்தைக் கையில் கட்டுவதில் பெரிய பயம் வேண்டாம். அந்தப் பொடியைச் சுரண்டுவதும் ஊதுவதும் மூச்சில் இழுப்பதும்தான் ஆபத்து. பொடி உதிர்கிறது என்று தெரிந்தால் வாட்ச்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். பின்னாளில் வந்த டிரிடியத்துக்கு அரை ஆயுள் 12 வருடம்தான். டயலின் அடியில் 'டி சுவிஸ் டி' என்று இருந்தால் அதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. ஓட்டி, நிறுத்தி, பூஜ்யத்துக்கு அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முள் ஒரே இடத்தில் உட்காருகிறதா, அறுபதைத் தாண்டும்போது குரோனோகிராஃபின் நிமிட முள் ஒரு படி நகர்கிறதா என்பதுதான் கேள்வி. பிறகு டயல். இந்தியாவிலிருந்து வரும் பளபளக்கும் 'பம்பாய் ஸ்பெஷல்' ரகம் நம்மவர்களுக்குத் தெரியாததல்ல: கன்னாபின்னா நிறத்தில் புதுசாக எழுதிய டயல், ஆளுக்கொரு கடிகாரத்திலிருந்து வந்த முட்கள். எழுபது வருடக் கடிகாரத்தின் டயலில் புள்ளியும் மஞ்சளும் இருந்தால்தான் நான் நிம்மதியாகப் பணம் எடுப்பேன்.

கீழ் பட்டனுக்குப் புதுத் தண்டு கடைந்து போட்டார் ரோஸ் ஹில்காரர். பழையதைக் கேட்டு வாங்கி ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நிமிட முள் மட்டும் அறுபதைத் தாண்டி இரண்டு விநாடி கழித்துத்தான் நகர்கிறது. சரி செய்யலாமா என்று கேட்டேன். அதற்கும் தலை தள்ளிய திருகு ஒன்று உண்டாம், ஆனால் அதில் இதுவரை யார் கையும் பட்ட தடயம் இல்லையாம், தானும் தொடப்போவதில்லை என்றார். போன சனிக்கிழமை மாமனார் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, டிவியில் பந்தயம் தொடங்கியதும் மேல் பட்டனை அழுத்தினார். குதிரைகள் கடைசி வளைவில் திரும்பும்போது அத்தை காபியோடு வந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றார். மாமனார் கீழ் பட்டனை அழுத்தும்போது பந்தயம் முடிந்து இருபது விநாடி ஆகியிருந்தது.